மாமாவுக்காகச் செய்த சின்னக் கேப்சூல்கள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் சொல்லி எழுதுவது. நலம் விசாரிக்க எழுதுகிறேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற வாரம் கண் டாக்டரிடம் போய்வந்தோம். இடது கண் போனது போனதுதான், இனி வராது என்று சொல்லிவிட்டார். வலது கண்ணில் வெளிச்சம் எது, நிழல் எது என்று தெரிகிற அளவுக்கு மிச்சம் இருக்கிறது. எதிரில் ஆள் நின்றால் ஆள் என்று தெரிகிறது, யார் என்று தெரிவதில்லை. அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று வேறு மருந்து கொடுத்திருக்கிறார். அதுவும் கேப்சூல்தான், பழையதைவிடப் பெரியது. திறக்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, ஒருவேளைகூடத் தவறாமல் அப்படியே விழுங்க வேண்டும் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல என் மகளைப் பார்த்துச் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள்.

வந்து பார்க்கலாம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். வர வேண்டாம். வந்து செய்யப்போவது ஒன்றுமில்லை. தொழில் தெரிந்தவர் என்று உங்களை நம்பினோம், நம்பியதற்குப் பலனும் கிடைத்தாயிற்று. இனி இந்த வீட்டில் உங்களுக்கு வேலை இல்லை.

உங்கள் துணிப்பெட்டியும், கேப்சூல் நிரப்ப நீங்கள் வைத்திருந்த அந்தத் துளைத் தட்டும் அலமாரிக்கு மேல் இருக்கின்றன. ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறோம். என் மகள் வேலைக்குப் போய்வருகிறாள், நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அவளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டிய அவசியம் இல்லை.

இப்படிக்கு,
மாமனார்.

* * *

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. கையெழுத்து அவளுடையது என்றாலும் பேச்சு உங்களுடையது என்று தெரியும். ஒவ்வொரு வரியும் எனக்கு வர வேண்டியதுதான். நீங்கள் இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்பீர்கள், அவள்தான் மனசு கேட்காமல் குறைத்து எழுதியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் சொன்னபடி நான் வர மாட்டேன்.

இங்கே ஒரு மருந்துக் கம்பெனியின் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. கேப்சூல் நிரப்பும் ஹாலில் ஆள் குறைகிறது, முன்னே பின்னே மெஷின் ஓட்டிப் பழக்கம் உண்டா என்று சூப்பர்வைசர் கேட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் நான் ஓட்டிய அதே ரக மெஷின். தெரியாது என்று சொல்லிவிட்டேன். இனி அதைத் தொடுவதாக இல்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை மாமா. ஆனால் அது எப்படி நடந்தது என்று நீங்கள் ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போல இருக்கிறது. டாக்டர் உங்களுக்கு முதலில் கொடுத்த அந்தக் கேப்சூலைக் கையில் எடுத்தபோதே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. எங்கள் பழைய கம்பெனியில் நிரப்புகிற ஜெலட்டின் கூடு பளபளவென்று இருக்கும், விரலால் அழுத்தினால் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். இது மங்கலாக, விறைப்பாக இருந்தது. மூடியைக் கழற்றும்போது ஓரம் நொறுங்கியது. ஒன்றும் தெரியாத ஒருவர் கையில் அது கிடைத்திருந்தால், ஏன் இப்படி இருக்கிறது என்று யாரையாவது கேட்டிருப்பார். நான் தெரிந்தவன் ஆயிற்றே! ஹாலில் ஈரக்காற்று குறைந்தால் கூடு காய்ந்து நொறுங்கும், கூடினால் பிசுபிசுக்கும் என்பது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிற பாடம். எவனோ மட்டமான கூட்டை வாங்கிக் காயவிட்டிருக்கிறான் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

வயிற்றுப் புளிப்பு பட்டால் அந்த மருந்து செத்துவிடும், அதனால் வயிற்றைத் தாண்டிக் குடலுக்குப் போன பிறகே கரைய வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்த கூடு அது. டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஹாலில் கூடு என்றால் தூளை அடைக்கிற டப்பா, அவ்வளவுதான். அந்த நல்ல கூட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, தூளைப் பிரித்து எங்கள் சின்னக் கூடுகளில் அடைத்துக் கொடுத்தேன். மாமாவுக்கு உசத்தியான சரக்கு என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன். அத்தனை மாதமும் நீங்கள் விழுங்கியது வயிற்றிலேயே வீணாய்ப் போயிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எத்தனையோ லட்சம் கேப்சூல் என் கையால் போயிருக்கிறது, ஆனால் நான் ஒன்றைக்கூட விழுங்கியதில்லை. எனக்கு அப்படி வியாதி ஒன்றும் வந்ததில்லை. நீங்கள் தொண்டையில் நிற்கிறது என்று சொன்னபோது, கூட்டின் அளவைக் குறைக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியதே தவிர, விழுங்குகிறவருக்கு என்ன ஆகிறது என்று தோன்றவில்லை. இங்கே வந்த பிறகு காலிக் கூடு வாங்கி, கொஞ்சம் மாவு அடைத்து, அறையில் உட்கார்ந்து விழுங்கிப் பார்த்தேன். முதல் நாள் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டு குமட்டியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீங்கள் காலையும் மாலையும் பட்ட பாடு அப்போதுதான் புரிந்தது.

தொடர்ந்து விழுங்கிப் பார்த்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். எல்லோரும் தலையை அண்ணாந்து விழுங்குகிறோம். அது மாத்திரைக்குச் சரி. கேப்சூல் லேசு, தண்ணீரில் மிதக்கும். அண்ணாந்தால் அது மிதந்து பல் பக்கம் வந்து நிற்கும், தண்ணீர் மட்டும் உள்ளே போகும். வாயில் தண்ணீரும் கேப்சூலுமாக வைத்துக்கொண்டு, தாடை நெஞ்சில் படுகிற மாதிரி குனிந்து விழுங்கினால் அது தானாகத் தொண்டைப் பக்கம் மிதந்து போய்விடுகிறது. ஆனால் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள் மாமா. இந்தத் தடவை கேட்டுவிட்டே செய்யுங்கள்.

அவளுக்கு நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை என்று போட்டுக்கொள்ளக் கை வரவில்லை.

* * *

மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இந்தத் தடவை நிஜமாகவே மாமனார்.

எழுதிக்கொடுப்பவர் நம் தெருமுனை மருந்துக்கடைக்காரர். டாக்டர்களின் கிறுக்கலைக் காலமெல்லாம் படித்துப் படித்து இவர் எழுத்தும் அப்படித்தான் ஆகியிருக்கும். எனக்கென்ன தெரியப்போகிறது, நீங்கள்தான் அவஸ்தைப்பட வேண்டும். கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடுவில் யாராவது மருந்து வாங்க வந்தால் கடிதம் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில நாள் முன்னால் உங்கள் கடிதம் வந்தபோது என் மகள் வேலைக்குப் போயிருந்தாள். தபால்காரர், மாப்பிள்ளைகிட்டயிருந்து வந்திருக்கு என்று கையில் திணித்துவிட்டுப் போனார். சாயங்காலம் வரை காத்திருக்க எனக்கு ஏது பொறுமை? சுவரைத் தடவிக்கொண்டு, வழியில் நிறுத்தியிருந்த வண்டி அத்தனையிலும் முட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். இவர் படித்தார். 'நீங்கள் சொன்னபடி நான் வர மாட்டேன்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன், திருப்பிப் படிக்கச் சொன்னேன். கண்ணோடு காதும் போய்விட்டதோ என்று மனுஷனுக்கு என் மேல் சந்தேகமே வந்துவிட்டது.

நான் எப்போது ஐயா உங்களை வர வேண்டாம் என்று சொன்னேன்?

அந்த முதல் கடிதத்துக்கு நான் அவளை எழுதச் சொன்னது இதுதான், கேளுங்கள். போன் செய்தால் எடுப்பதில்லை, எடுத்தாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள், அதனால் கடிதம் போடுகிறேன் என்றேன். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது, ராத்திரி தூங்க முடியவில்லை என்றேன். உங்கள் மனைவி தட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள், மெல்லுகிற சத்தம் கேட்காவிட்டால் எனக்குத் தெரியாதா என்றேன். எனக்கு உங்கள் மேல் கோபம் என்றேன். சீக்கிரம் கிளம்பி வாருங்கள் என்றேன்.

சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம்ப்பா, அப்புறம் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். படித்துக்காட்டு என்றேன். ஒரு வார்த்தை பிசகாமல் நான் சொன்னதையே படித்துக்காட்டினாள். காகிதத்தில் ஒன்று, வாயில் ஒன்று! என்ன சாமர்த்தியம் பாருங்கள்! மேலே கூடு என் பேரில், உள்ளே அடைத்தது அவள் சரக்கு. இந்தக் கைவேலையை யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று நான் கேட்கப்போவதில்லை.

அவள் மேல் கோபம் வந்ததா என்றால், வந்தது. அன்று இந்தக் கடைப்படி இறங்குவதற்குள் போய்விட்டது. நீங்கள் அடைத்துக் கொடுத்தீர்கள், சரி. அதைக் காலையிலும் மாலையிலும் என் உள்ளங்கையில் வைத்தது யார்? அவள்தான். விழுங்கிட்டீங்களாப்பா, வாயைத் திறங்க பார்க்கலாம் என்று நின்று பார்த்துவிட்டுப் போவாள். ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை. அத்தனை பொறுப்பாகக் கொடுத்த கையால்தான் அப்பாவின் கண் போயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதைத் தன் மேல் வைத்துத் தாங்க முடியாமல் முழுசையும் உங்கள் தலையில் ஏற்றிவிட்டாள். அவளிடம் நான் எதையும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நீங்களும் கேட்கக் கூடாது.

(ஒரு அம்மா குழந்தைக்கு ஜுர மருந்து வாங்க வந்தார். குழந்தை போட்ட கூச்சலில் நான் சொல்லவந்தது மறந்துபோய், இப்போது வேறு ஞாபகம் வருகிறது.)

உங்களை எனக்கு முதலில் பிடிக்காது. இப்போது சொன்னால் என்ன? ஊர் ஊராக பஸ் ஓட்டியவன் நான். எதிரில் லாரி வந்தால் கண்ணைச் சிமிட்டாதவன். எனக்கு வந்த மாப்பிள்ளை தலையில் வலையும் வாயில் துணியும் கட்டிக்கொண்டு மூடின ஹாலில் மாத்திரை அடைக்கிறவர். வீட்டுக்கு வந்தால் பேச்சே கிடையாது, சாப்பாடு நல்லா இருக்கு என்பதோடு சரி. இந்த மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் கண்ணுக்குள் வீக்கம் வந்தது. குதிரைக்குக் கொடுக்கிற அளவில் அந்தக் கேப்சூலைக் கொடுத்தார்கள். தொண்டையில் நிற்கிறது, குமட்டுகிறது என்று வீட்டை ரெண்டாக்கினேன். நீங்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டையும் காலிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தீர்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாம் பேசினோம். உங்களுக்கு அவ்வளவு பேச வரும் என்று யார் கண்டது? இரும்புக் குச்சிகளை வரிசையாக வைத்துச் சூடான ஜெலட்டின் பாகில் முக்கி எடுப்பார்கள், பாகு ஒரு பக்கமாக வழியாமல் இருக்கச் சுற்றிச் சுற்றித் திருப்புவார்கள், குளிர்ந்த காற்றில் காயவைத்து உருவி வெட்டி, உடம்பையும் மூடியையும் பாதி மட்டும் சொருகி அனுப்புவார்கள் என்றீர்கள். ஏன் பாதி என்றேன். முழுசாகச் சொருகினால் உள்ளே இருக்கிற வரிப்பள்ளம் கவ்விக்கொண்டு திறக்கவே வராது, நிரப்பிய பிறகுதான் அந்தப் பூட்டு விழ வேண்டும் என்று ஒரு கூட்டை அழுத்திக் காட்டினீர்கள். டொக் என்று ஒரு சத்தம் வந்தது. உங்கள் மெஷின் காற்றை உறிஞ்சி மூடியை மேலேயும் உடம்பைக் கீழேயும் பிரிக்கும், ஊசி மாதிரிக் கம்பிகள் தூளை அமுக்கி உடம்பில் இறக்கும், கண் மூடித் திறப்பதற்குள் மறுபடி மூடித் தள்ளும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னீர்கள். கூட்டின் அளவுக்குப் போடுகிற எண் ஏற ஏறக் கூடு சின்னதாகுமாமே! எந்தப் புத்திசாலி வைத்த கணக்கு என்று கேட்டேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். உள்ளேயிருந்து அவள் எட்டிப்பார்த்து, ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு என்றாள்.

என் வருத்தம் என்ன தெரியுமா மாப்பிள்ளை? அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் என் கண் போனது. அந்தச் சந்தோஷமும் இந்த நாசமும் ஒரே மேஜையில் நடந்திருக்கிறது. ஒன்றை நினைத்தால் மற்றதும் கூடவே வந்துவிடுகிறது. எனக்குப் பிள்ளை இல்லாத குறை தீர்ந்தது என்று நினைத்த நாட்களை நினைக்கக்கூட இப்போது பயமாக இருக்கிறது. அதை உங்களால் திருப்பித் தர முடியாது. டாக்டராலும் முடியாது.

இன்னொன்று சொன்னால் கடைக்காரர் எழுத யோசிக்கிறார், எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தில் குனிந்து விழுங்கச் சொன்ன இடம் வந்ததும் இவரை டாக்டருக்குப் போன் போடச் சொன்னேன். தாராளமாகச் செய்யலாம், அதுதான் சரியான முறையும் என்றாராம். இங்கேயே ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, பையில் இருந்த கேப்சூலை வாயில் போட்டுக்கொண்டு, தப்புச் செய்த பையன் மாதிரித் தலையைக் குனிந்தேன். போய்விட்டது. எப்போது போனது என்றே தெரியவில்லை. தொண்டையில் அடைத்துக்கொண்டது என்று இவர் பயந்து என் முதுகைத் தட்டினார். அடைக்கவில்லை ஐயா, அழுதுகொண்டிருந்தேன். இவ்வளவுதானா? தலையை நிமிர்த்துவதற்கும் குனிவதற்கும் நடுவில் என் ரெண்டு கண்ணா? முதல் நாளே டாக்டரிடம், விழுங்க வரவில்லை என்று நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அவரே இதைச் சொல்லியிருப்பார். பஸ் ஓட்டியவனுக்கு மாத்திரை விழுங்கத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, வீட்டில் உங்களிடம் கத்தினேன்.

கேப்சூல் விழுங்கத் தெரியாத நான் ஒரு பக்கம், விழுங்கியே பார்க்காமல் அடைத்த நீங்கள் ஒரு பக்கம். நாம் ரெண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை இது. இப்போது தனியறையில் உட்கார்ந்து மாவு அடைத்த கூட்டை விழுங்கிக்கொண்டிருக்கிறீர்களாமே, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுவிட்டதா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

கோபம் இருக்கிறது. இல்லை என்று சொல்ல நான் மகான் இல்லை. காலையில் எழுந்ததும் விளக்கைப் போடச் சொல்கிறேன், போட்டுத்தான் இருக்கு என்கிறாள், அப்போது உங்கள் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வருகிறது. ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவேன்? அவளைப் பார்த்துக் கத்தினால் உடைந்துபோவாள். சுவரிடம் கத்த முடியுமா? ரோட்டில் எத்தனையோ விபத்து பார்த்திருக்கிறேன். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடின டிரைவரும் உண்டு, வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போன டிரைவரும் உண்டு. தப்பு ரெண்டு பேர் மேலும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் நின்றவரை ஜனங்கள் ரெண்டு அடி அடித்துவிட்டு, அப்புறம் தண்ணீர் கொடுப்பார்கள். நீங்கள் ஓடிவிட்டீர்கள் மாப்பிள்ளை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கிளம்பி வாருங்கள். நான் கத்துவேன், கேட்டுக்கொண்டு உட்காருங்கள். தினமும் கொஞ்சம் கத்த வேண்டியிருக்கும். நீங்கள் அடிக்கடி சொல்வது போல, சாப்பாடு நல்லா இருக்கு என்று சொன்னால் போதும், வேறு பதில் வேண்டாம். கடிதத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் ஏதோ எழுதியிருந்தீர்களே, அந்த மாதிரி பேத்தல் எல்லாம் என்னிடம் வேண்டாம். என் மகள் இருக்கிறவரை நீங்கள் என் மாப்பிள்ளை. அதற்குத் தகுதி பார்க்கிற வேலை உங்களுடையது இல்லை.

எங்கே இருந்தாலும் உங்கள் கையும் காலும் சுகமாக இருக்கட்டும்.

உங்கள் மாமனார்.

(ஐயா, எழுதிக்கொடுத்தவனின் ஒரு வரி: பெரியவர் கடை விடுமுறை நாட்களில் மருந்தைத் தவறவிடுகிறார். கடை திறந்திருக்கும் நாளில் இங்கே வந்து விழுங்கிவிட்டுப் போகிறார். வீட்டில் ஏன் விழுங்குவதில்லை என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.)

* * *

உங்களுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அன்புள்ள என்று போட்டால் அது இப்போது முழுக்க உண்மை இல்லை, போடாவிட்டாலும் உண்மை இல்லை. அதனால் விட்டுவிட்டேன்.

முதல் கடிதத்தில் அப்பா சொன்னதாக இருந்தது எதையும் அப்பா சொல்லவில்லை. அது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அப்பாவுக்கும் தெரியும் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. தண்ணீர் குடிக்கும்போது தலையைக் குனிந்து குடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இதென்ன புதுப் பழக்கம், யார் சொல்லிக்கொடுத்தாங்க என்றேன். உன் புருஷன்தான் என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். நீங்கள் பதில் எழுதியிருக்கிறீர்கள், அவர் யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார், உங்களுக்குப் பதிலும் போட்டிருப்பார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு இத்தனை நாளும் ஒரு வார்த்தை கேட்காமல், நான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, குழம்பில் உப்பு குறைவு என்று எப்போதும் போல என்னைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

நீங்கள் முதன்முதலில் கூட்டைப் பிரித்த அன்று, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுடலாமா என்று நான் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். கூட்டைப் பத்தி டாக்டருக்கு என்ன தெரியும், என்னைக் கேளு என்றீர்கள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துத்தான் இத்தனை நாள் உங்களை வெறுத்தேன். ஆனால் என் காலுக்கு யாரும் விலங்கு போடவில்லை. நானே ஒரு நடை போய்க் கேட்டிருக்கலாம். உங்களைப் பற்றி எனக்கு அப்போது அவ்வளவு பெருமை, அதனால் போகவில்லை.

அப்பாவுக்கு எல்லாம் செய்கிறேன். குளிக்க வெந்நீர் வைக்கிறேன், நகம் வெட்டுகிறேன், செய்தித்தாள் படித்துக்காட்டுகிறேன். அந்தக் கேப்சூலை மட்டும் அவர் கையில் வைக்க முடியவில்லை. இது சரியான மருந்து, டாக்டர் கொடுத்தது, யாரும் திறக்காதது என்று எனக்கே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டாயிற்று. கை போவதில்லை. ஒரு தட்டில் போட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விடுகிறேன். காயாத துணியை எடுத்து மடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இன்று விடுமுறை, வீட்டில்தான் இருந்தேன். அப்பா மேஜையைத் தடவியபோது தட்டு சாய்ந்து கேப்சூல் கீழே உருண்டுவிட்டது. என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் நான் அதைத் தொட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். மெதுவாகத் தரையில் இறங்கி, முழங்காலை ஊன்றிக்கொண்டு, ரெண்டு கையாலும் தரையைத் தடவித் தேடினார். அது அலமாரிக் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. எனக்குத் தெரிந்தது. கொல்லைக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், என்னால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. கடைசியில் அவர் கையிலேயே மாட்டியது. ஊதித் துடைத்து வாயில் போட்டுக்கொண்டார், ஆனால் பக்கத்தில் தண்ணீர் இல்லை. நான் வைக்க மறந்திருந்தேன். இருமி வெளியே வந்துவிட்டது. ஒரு வேளை தவறினாலும் அந்த வெளிச்சமும் போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எத்தனை வேளை தவறியிருக்கிறது என்று அப்பாவும் சொல்வதில்லை, எனக்குக் கேட்கவும் தைரியம் இல்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதிவிட்டு உங்களை வரவழைத்து மறுபடியும் ஏமாற்ற மாட்டேன். நீங்கள் வந்தாலும் சில நாள் நான் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். தூக்கத்தில் நீங்கள் விடுகிற குறட்டைக்குக்கூட எரிச்சல் படுவேன். அப்படியும் வாருங்கள்.

கிளம்பும்போது போன் செய்ய வேண்டாம், நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள். சாயங்கால வேளை கேப்சூலை அப்பா கையில் நீங்கள் வையுங்கள். தண்ணீர் நான் கொண்டுவருகிறேன்.